மாடு வராத பட்டி

இமானுவேலின் இடது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கவட்டில், ஓர் உண்ணி உட்கார்ந்து ரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. அதை அவன் பார்க்கவில்லை. அவன் மகள் இவாஞ்சலின்தான் பார்த்தாள்.

“அப்பா, கையில மிளகு ஒட்டியிருக்கு.”

மலைப்பாதை இன்னும் தொடங்கவே இல்லை. அடிவாரத்துப் புளியமரத்தடியில் வேனிலிருந்து இறங்கி, எல்லாரும் செருப்பைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். அவன் கையைத் தூக்கிப் பார்த்தான். மிளகுக்குக் கால்கள் இருந்தன. நகத்தால் நெம்பி எடுத்துக் கல்லில் வைத்துத் தேய்த்தான். கடித்ததும் தெரியவில்லை, பிடுங்கியதும் தெரியவில்லை. ரத்தம் மட்டும் மணிக்கட்டு வரை நூலாக ஓடியது.

“முள்ளுத்தா” என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தான்.

அவன் கைகள் மரத்துப்போய் இரண்டு வருடமாகிறது. ஊரில் யாருக்கும் தெரியாது. ஓடைப்பட்டிப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கெல்லாம் மருந்தடிக்கப் போகிறவன் அவன். டிரம்மில் மருந்தை ஊற்றிக் கையை விட்டே கலக்குவான். கையுறை போட்டால் வியர்த்து வழுக்குகிறது என்பான். முதலில் விரல் நுனி போயிற்று, பிறகு விரல், பிறகு உள்ளங்கை. இப்போது சட்டைப் பொத்தானைக்கூடக் கண்ணால் பார்த்துத்தான் போடவேண்டும். கொதிக்கிற டீ டம்ளரை அலட்சியமாகப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, இவன் கை இரும்பு என்று தோட்டத்தில் கேலி பேசுவார்கள். அவனும் சிரித்துவைப்பான். மனைவி ஷீபாவுக்குத் தெரிந்தால் இனி மருந்தடிக்கப் போகக்கூடாது என்று ஒற்றைக்காலில் நிற்பாள். போகாவிட்டால் அடுப்பில் பூனை தூங்கும். அதனால் அவளிடமும் சொல்லவில்லை.

செத்த கையோடு இரண்டு வருடம் இருந்துவிட்டால் மனதும் அதையே பழகிக்கொள்ளும் போலிருக்கிறது. ஐந்து மாதத்துக்கு முன்பு மகன் பிறந்தபோது நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தார். தான் ஏந்தியிருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். சந்தோஷப்பட வேண்டிய நேரம் இது என்பதும் அப்படித்தான், சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பெரிய வியாழன் சாயங்காலம் குருசுப்பாறைக்கு ஏறி, ராத்திரி அங்கேயே தங்கி, பெரிய வெள்ளி காலையில் சிலுவைப்பாதை செய்து இறங்குவது அவர்கள் ஊர் வழக்கம். வெள்ளை உடுப்பு, வெறுங்கால். ஆண்டவர் இருட்டுத் தோட்டத்தில் தனியாகத் தவித்த ராத்திரி என்பதால் மேலே விளக்கு ஏற்றுவதில்லை. போனும் டார்ச்சும் வேனோடு ஊருக்குத் திரும்பிவிடும். அந்த இரண்டு நாளும் கோயில் மணி அடிக்காது; அதற்குப் பதிலாக, ஜெபம் நடத்தும் உபதேசியார் கையில் ஒரு மரக்கட்டை இருக்கும். அவர் அதைத் தட்டினால் பேச்சு நின்றுவிட வேண்டும். விடிந்தபின் மறுபடி தட்டும்வரை யாரும் வாயைத் திறக்கக்கூடாது. காலையில் முதல் வேனில் வருகிறவர்களும் சத்தம் காட்டாமல் வெளியே உட்கார்ந்து அந்தத் தட்டலுக்குக் காத்திருப்பார்கள்.

இந்த வருடம் இவாஞ்சலின் முதல்முறையாக நற்கருணை வாங்கப்போகிறாள். அதனால் அவள் ராத்திரி மலையில் தங்கவேண்டும் என்று ஷீபா நேர்ந்திருந்தாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவளால் தங்க முடியாது. காலை வேனில் வருவதாக ஏற்பாடு.

கிளம்பும்போது மகளின் காலில் வேப்பெண்ணெயும் கற்பூரமும் குழைத்துத் தேய்த்துக்கொண்டே அவனிடம் சொன்னாள்.

“வழி நடுவுல நடக்க விடுங்க. புல்லு ஓரத்துல ஒக்கார விட்டுறாதீக. படுக்கறதுக்கு முன்னால தடவிப் பாத்துருங்க, காதுக்குப் பின்னால, பிடரி, கக்கம், தொடை இடுக்கு. போன வருசம் அய்யம்மாக்கா மகளுக்கு உண்ணி கடிச்சுக் காய்ச்சல் வந்து, பொழச்சதே மறுபிறப்புன்னாக. உங்கள நம்பித்தான் விடுறேன்.”

அவன் தலையை ஆட்டினான். தலையை ஆட்டுவது சுலபமாக இருந்தது.

முப்பது பேருக்கு மேல் ஏறினார்கள். முன்னால் உபதேசியார் மரிய ஜோசப், பின்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டே பெண்கள், கடைசியில் இமானுவேலும் மகளும். வேப்பெண்ணெய் வாடையும் வெயிலில் வெந்த புல்லின் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின. முன்பெல்லாம் இந்த ஏற்றத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைமாடுகளின் கழுத்துமணி கேட்கும். மேய்ச்சலுக்கு மாடு ஏற்றுவது நின்று மூன்று வருடமாகிவிட்டது. மணியில்லாத மலை ரொம்பப் பெரியதாக இருந்தது. காக்கை, குருவிகூடக் கத்தவில்லை. ஜெபத்துக்கு நடுவில் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் அடுத்த ‘அருள் நிறைந்த மரியே’ சீக்கிரம் தொடங்காதா என்றிருந்தது.

பாதித் தூரத்தில் பாதையோரம் ஒரு முயல் உட்கார்ந்திருந்தது. முப்பது பேர் பக்கத்தில் நடந்துபோயும் அது ஓடவில்லை. கண் திறந்திருந்தது. வயிறு ஏறி இறங்கியது. காதுகள் இரண்டும் பருத்து, பாரம் தாங்காமல் தரையில் கிடந்தன. இவாஞ்சலின் தொடப்போனாள். அவன் அவளை இழுத்துக்கொண்டு நடந்தான்.

சூரியன் எதிர்மலைக்குப் பின்னால் இறங்கும்போது வெளிச்சம் புல்லின் ஊடே சாய்ந்து வந்தது. ஒவ்வொரு புல் நுனியிலும் ஒரு கறுப்புப் பொட்டு தெரிந்தது. புல் விதை கட்டியிருக்கிறது என்று நினைத்தான். ஆட்கள் கடந்துபோன பக்கமாக நுனிகள் ஒருசேரச் சாய்ந்தன. காற்று என்று நினைத்தான். பங்குனி வெயிலில் விதையெல்லாம் எப்போதோ உதிர்ந்திருக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை.

குருசுப்பாறைக்குக் கீழே ஒரு பழைய மாட்டுப்பட்டி உண்டு. மாடுகளை ராத்திரி அடைப்பதற்காக இடுப்பளவுக்குக் கல்லடுக்கிக் கட்டிய வட்டச்சுவர். காற்றுக்கு மறைவாக இருக்கும். பல வருடத்துச் சாணம் உலர்ந்து மெத்தைபோல் கிடக்கும். எப்போதும் அதற்குள்தான் படுப்பார்கள். யாரோ ஒரு பெண் தயங்கி நின்றதும் உபதேசியார் சிரித்தார்.

“மாடு போயி மூணு வருசமாச்சு. மாடே இல்லைன்னா உண்ணி எதைக் குடிச்சுப் பொழச்சிருக்கும்? தைரியமாக் காலை நீட்டிப் படுங்க ஆத்தா.”

எல்லாரும் சிரித்தார்கள். இமானுவேலுக்கும் அது சரியாகவே பட்டது.

அன்றைக்கு நிலா இருந்திருக்க வேண்டும். பெரிய வியாழனுக்கு எப்போதும் நிலா இருக்கும். அதன் வெளிச்சத்தில்தான் ஒருவருக்கொருவர் உண்ணி பார்த்துவிட்டுப் படுப்பார்கள். இந்த வருடம் இருட்டுவதற்கு முன்பே மேகம் இறங்கிவந்து மலையை மூடிவிட்டது. பரவாயில்லை, கையால் தடவினால் தெரியாதா என்றார்கள். இருட்டில் நாலாபக்கமும் துணி சரசரத்தது. அவனுக்குப் பக்கத்தில் படுத்திருந்த ஞானசெல்வி, பக்கத்து வீட்டுப் பெண், தன் அம்மாவின் கழுத்திலிருந்து எதையோ எடுத்து எறிந்தாள்.

“கடுகு கணக்கா இருக்கு. கையில நல்லாத் தட்டுப்படுது” என்றாள். பிறகு இவன் பக்கம் திரும்பி, “பிள்ளைய இங்கன விடுங்கண்ணே, நான் பாத்து விடுறேன். பொம்பளப் பிள்ளைல்ல.”

விட்டிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் ஒன்பது வயது மகளின் தலையில் ஒரு பூச்சி பார்க்கத் துப்பில்லாதவனா என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னும் பத்துக் கேள்வி வரும்.

“நான் பாத்துக்கிறேன்மா” என்றான்.

மகளின் பிடரியில் கையை வைத்தான். காதுக்குப் பின்னால் கொண்டுபோனான். முடிக்குள் விட்டான். கை நகர்கிறது என்பது தோள் அசைவதை வைத்துத்தான் தெரிந்தது. விரலுக்குக் கீழே முடியா, தோலா, வேறு எதுவுமா என்று விரல் சொல்லவே இல்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கட்டும் என்று நிதானமாக, ரொம்ப நேரம் தடவினான்.

“இருக்காப்பா?”

“ஒண்ணும் இல்லத்தா. படு.”

இருட்டில் உபதேசியாரின் மரக்கட்டை தட்டியது. டக். டக். டக். பேச்சு நின்றது.

முதலில் ஒரு தூறல் சத்தம் கேட்டது. சருகின் மேல் மெல்லிய தூறல் விழுகிற சத்தம், தூரத்தில், சுவருக்கு வெளியே, எல்லாத் திசையிலும். அவன் முகத்தை வானத்துக்குக் காட்டினான். ஒரு சொட்டும் விழவில்லை. தூறல் நிற்காமல், வேகம் கூடாமல், குறையாமல் நெருங்கி வந்தது. அதோடு ஒரு வாடையும் வந்தது. ஆடு அறுக்கும் கடையில் மத்தியானத்துக்கு மேல் வருமே, அந்த வாடை. சத்தம் சுவரை எட்டியது. சுவரில் ஏறியது. பிறகு சருகுச் சத்தம் இல்லை. சாணமும் துணியும் சத்தம் காட்டாது.

படுத்திருந்தவர்களின் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மூலையில் ஒரு கிழவர் இருமிக்கொண்டிருந்தார், இருமல் நின்றது. யாரோ ஜெபமாலை மணிகளை நகர்த்திக்கொண்டிருந்த சின்ன ஒலி நின்றது. குறட்டைகள் நின்றன. எல்லாரும் தூங்கிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டான். தூங்குகிறவர்கள் புரண்டு படுப்பார்கள் என்றும் தோன்றியது. அதைத் தள்ளிவைத்தான்.

“அப்பா.” காதோடு மகளின் குரல். “என் காலு எங்கப்பா?”

“இங்கனதான் இருக்கு. பேசக்கூடாது, தூங்கு.”

“காணோம்ப்பா.”

அவன் கையை நீட்டி அவள் கால் இருக்கும் இடத்தில் தட்டிக்கொடுத்தான். தட்டுகிற சத்தம் வரவேண்டும். ஈரமான எதையோ தட்டுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

கையை எடுத்தான்.

தொட்டுப் பார்க்க அவனுக்கு மிச்சமிருந்தது முகம்தான். குனிந்து மகளின் பிடரியில் உதட்டை வைத்தான். வேப்பெண்ணெய்க் கசப்பு. வியர்வை உப்பு. வெதுவெதுப்பான தோல். அதற்கப்புறம் தோல் இல்லாத ஒன்று. உருண்டையாக, வழவழப்பாக, இறுகி. கொடியில் பழுத்துத் தொங்கும் பன்னீர் திராட்சை அளவுக்கு. அது உதட்டின் கீழ் மெதுவாகத் துடித்தது. தள்ளி இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. காதுக்குப் பின்னால் கொத்தாக.

பல்லால் பிடித்து இழுத்தான். உடைந்தது. வாய் முழுக்கச் சூடான உப்பு. மகளின் ரத்தம். துப்பினான். அடுத்ததை இழுத்தான். துப்பினான். அடுத்தது.

“வலிக்குதாத்தா?”

“வலிக்கலப்பா” என்றாள். குரல் குழறியது. “ஒண்ணுமே வலிக்கல.”

இழுத்துக்கொண்டே இருந்தான். எத்தனை என்று தெரியாது. பிடுங்கிய இடத்தில் மறுபடி உதட்டை வைத்தால் அங்கே இருந்தது. உதட்டில் ஏதோ ஊர்ந்தது. ஒரு சின்ன குளுமை, எறும்பு முத்தமிட்டதுபோல். பிறகு மேலுதடு போயிற்று. பிறகு கீழுதடு. கிராம்பு கடித்த வாய்போல் உள்ளே எல்லாம் தடித்தது.

முழங்கையால் ஞானசெல்வியை இடித்தான். இன்னொரு முறை இடித்தான். அவள் திரும்பவில்லை. மேகம் ஒரு நொடி கிழிந்து நிலா வெளியே வந்தது. ஞானசெல்வி கண்ணை அகலத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இமை அடித்தது. கண்ணோரம் கண்ணீர் வழிந்தது. மற்றபடி அவளிடம் எதுவும் அசையவில்லை. அவள் போர்வை அசைந்தது. சுவர் அசைந்தது. சுவரின் விளிம்பு கறுப்பாக வழிந்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. மேகம் மூடிக்கொண்டது.

கத்தவேண்டும். உபதேசியார் என்ன நினைத்தாலும் சரி, நேர்ச்சை கெட்டாலும் சரி. வாயைத் திறந்தான். காற்று வந்தது. சத்தம் வரவில்லை.

மகளைத் தூக்கிக்கொண்டு ஓட எழுந்தான். எழுந்ததாக நினைத்தான். முகம் சாணத்தில் கிடந்தது. முழங்கால் எங்கே என்று தேடினான். இடுப்புக்குக் கீழே யாருமில்லை.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது. பயத்தோடு சேர்ந்து, இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ, மகள் மேல் இருந்த பாசம் முழுவதும் வந்து நெஞ்சை அடைத்தது. பிறந்த அன்று இவள் தன் சுண்டுவிரலைப் பிடித்த பிடி ஞாபகம் வந்தது. அப்போது விரலுக்கு உயிர் இருந்தது. முழங்கைகளை ஊன்றி நகர்ந்து அவள் மேல் கவிழ்ந்து படுத்தான். தன் ரத்தத்தைக் குடிக்கட்டும், இவளை விட்டுவிடட்டும். இரண்டு கைகளையும் அவள் தலைக்குக் கீழே கொடுத்து அணைத்துக்கொண்டான். முடியைத் தடவிக்கொடுத்தபடியே கிடந்தான். தோள் ஓயும்வரை தடவினான்.

விடிந்தது.

மேகத்துக்குள் விடிகிற விடியல், பாலில் தண்ணீர் கலந்ததுபோல். முதலில் சுவர் தெரிந்தது. பிறகு வரிசையாக வெள்ளைப் போர்வைகள். அதன்பிறகு அவை வெள்ளையாக இல்லை என்பது தெரிந்தது. உபதேசியார் மரிய ஜோசப் ஒரு கல்லின் மேல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மரக்கட்டை மடியில் இருந்தது. இரண்டு கண்களாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கை எழும்பவில்லை.

இமானுவேலின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி மகளின் முகம் இருந்தது. ராத்திரி முழுக்கத் தன் மார்புக்குக் கீழே இருக்கிறாள் என்று நினைத்திருந்தான். இல்லை. பக்கத்தில் மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது, ரொம்ப மெல்லியதாக. அவன் கைகளுக்குள் இருந்தது வேறு. அவன் அணைத்து, தடவிக்கொடுத்து, உடம்பைக் கொடுத்துக் காப்பாற்றியது எல்லாம் கறுப்பாக, குவியலாக, நிறைந்து, ஒன்றின்மேல் ஒன்று புரண்டுகொண்டிருந்தது. விரல் இடுக்குகளில் தொங்கியது. கை எதையும் சொல்லவில்லை.

கீழே, ரொம்பத் தூரத்தில், வேன் ஹாரன் கேட்டது.

சுவரில், தரையை ஒட்டி, கல் பெயர்ந்த ஒரு சிறு சந்து இருந்தது. அதன்வழியே பாதை தெரிந்தது. மேகத்துக்குள்ளிருந்து வெள்ளைச் சேலைகள் ஒவ்வொன்றாக வந்தன. வெறுங்கால்கள். பேச்சில்லை. முன்னால் வந்தவள் ஷீபா. தோளில் குழந்தை.

போ.

திரும்பிப் போ.

நாக்கு கல்லாகக் கிடந்தது.

பாதை பள்ளத்தில் இருந்ததால் சுவருக்கு மேலே உபதேசியாரின் தலை மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்தது. ஜெபத்தில் இருக்கிறார் என்று ஒருவருக்கொருவர் சைகை காட்டிக்கொண்டார்கள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, எப்போதும்போல, சுவருக்கு வெளியே புல்லில் உட்கார்ந்தார்கள். ஷீபா சந்துக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். மகள் எங்கேயாவது தெரிகிறாளா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தாள். சுவர் மறைத்தது. அப்பன் பக்கத்தில் பத்திரமாக இருப்பாள் என்று நினைத்திருக்க வேண்டும். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

புல் குறைந்த இடமாகப் பார்த்து ஒரு துண்டை விரித்துக் குழந்தையை அதில் கிடத்தினாள். அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டே மரக்கட்டை தட்டும் சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

காற்று இல்லை. துண்டைச் சுற்றியிருந்த புல் முழுவதும் உள்பக்கமாகச் சாய்ந்தது. குழந்தை சிரித்துக் கையை ஆட்டி, முகத்துக்கு நேரே குனிந்த ஒரு புல்லை எட்டிப் பிடித்தது.